உப்பில்லாக் கஞ்சி

சோப்பு போட்டுத் திருகியும் அய்யம்மாளின் கையிலிருந்து வளையல் கழலவில்லை. மணிக்கட்டு அவ்வளவு வீங்கியிருந்தது. அழகுமீனா மாமியாரின் கையை மடியில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் நுரையைக் குழைத்துப் பூசினாள். விடியும்போது பிரிந்த உயிர். குளிப்பாட்டத் தண்ணீர் எடுக்க நீர்மாலைக்குப் போனவர்கள் குடங்களோடு திரும்புவதற்குள் கழற்றியாக வேண்டும்.

"செத்த பெறகாச்சும் வலிக்காமக் கழட்டு" என்றாள் பொன்னுத்தங்கம், அய்யம்மாளின் தங்கை. தாயில்பட்டியிலிருந்து பிறந்தவீட்டுக் கோடிச்சேலையோடு வந்திறங்கியதிலிருந்து அவள் வாய் ஓயவில்லை. "வெடி கம்பெனியில மருந்து நெடியிலயே ஒக்காந்து, கருவாடும் கஞ்சியுமாத் தின்ன ஒடம்பு. உப்பில்லாத கஞ்சிய ஊத்துனா நாக்கு செத்துப்போகாதா?"

"டாக்டர் சொன்னதத்தான் செஞ்சேன் சின்னத்தை."

"ஆமா. ஊறுகாய்ச் சாடியப் பரண்ல ஏத்தச் சொன்னதும் டாக்டருதானோ?"

பக்கத்தில் இருந்த ஒருத்தி சமாதானமாகச் சொன்னாள்: "பட்டினி போட்ட மாதிரியா தெரியுது? ஒடம்பு நல்லா பூரிச்சுத்தானக்கா இருக்கு."

அழகுமீனாவுக்கு அதுதான் அதிகம் சுட்டது.

போன வாரம் விருதுநகரில் டாக்டரும் அத்தையை எடை பார்த்துவிட்டு அவளைத்தான் பார்த்தார். "இது சதை இல்லம்மா, தண்ணி. கிட்னி வெளியேத்தாத உப்பு உள்ளேயே தங்கிடும். தனியாத் தங்காது, தண்ணியையும் பிடிச்சு வச்சுக்கும். தோலுக்கு அடியில, கால்ல. அப்புறம் நெஞ்சுல கட்டும்."

"சத்தியமா உப்பே போடல சார்."

"அப்ப இது எங்கருந்து வந்துச்சு?"

 பஸ் அவர்கள் ஊரான ஆமத்தூர் வரும்வரை கணவன் காளீஸ்வரன் அவள் பக்கம் திரும்பவேயில்லை. மறுநாளிலிருந்து அத்தைக்குத் தனிப் பாத்திரத்தில் சமைத்தாள். காலையில் எழுந்ததும் அத்தையின் கணுக்காலில் கட்டைவிரலை அழுத்திப் பார்ப்பாள். குழி விழும். நெடுநேரம் கழித்து மெல்ல மேலெழும்.

"என்னத்தப் பாக்க? மாவு பதமா இருக்கா?" என்று அத்தை சிரிப்பாள்.

வளையல் ஒருவழியாகக் கழன்றது.

"கெடந்த பாய், தலகாணிய எடுத்து வெளிய போடு. கூடவே போகணும்" என்றாள் பொன்னுத்தங்கம்.

உள்ளறையில் தலையணையைத் தூக்கியபோது ஏதோ நொறுங்கியது. உறைக்குள் கையை விட்டாள். அச்சுப் பிசகிய பட்டாசு லேபிள் தாளில் மடித்த ஒரு பொட்டலம். பாதி ராக்கெட், பாதி தீப்பொறி. பிரித்தால் காராச்சேவு. அடியில் எண்ணெய் ஊறிய வெறும் தாள்கள் இன்னும் சில.

அந்தத் தாளை இந்த வீட்டுக்குக் கொண்டுவருபவர் ஒருவர்தான். சிவகாசி அச்சாபீஸில் வாட்ச்மேனாக இருக்கும் மாமனார் முத்துக்கருப்பன். திரும்பினாள். அவர் கதவோரம் நின்றிருந்தார்.

"நாந்தான் தாயி" என்றார். "கஞ்சி எறங்கலன்னு கெஞ்சுனா. ரெண்டே ரெண்டு சேவுன்னுதான் குடுத்தேன். வாயில போட்டதும் அந்த மொகத்தப் பாக்கணுமே... வேல முடிஞ்சு வாரப்ப தெனமும் வாங்கிட்டு வந்துட்டேன்." குரல் தணிந்தது. "அதுலயா போயிட்டா?"

வெளியிலிருந்து பொன்னுத்தங்கம் கத்தினாள். "ஏட்டி, அங்கன என்ன பேச்சு? எத ஒளிக்கிறவ?"

பொட்டலத்தை வாசலில் போட்டால் போதும். ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. காளீஸ்வரன் பார்ப்பான், பந்தலில் இருக்கும் அத்தனை பேரும் பார்ப்பார்கள்.

மாமா நிலைக்கட்டையைப் பிடித்தபடி அவள் கையிலிருந்த பொட்டலத்தையே பார்த்தார்.

அழகுமீனா பொட்டலத்தை உறைக்குள்ளேயே திணித்து வாயை முடிச்சுப் போட்டாள்.

"ஒண்ணுமில்ல சின்னத்தை, பழைய தலகாணி" என்றாள் சத்தமாக. பிறகு அவரைப் பார்க்காமல், "அதுல இல்ல மாமா. நோவு முத்திப்போச்சு, அம்புட்டுத்தான்."

குளிப்பாட்டிக் கோடி உடுத்தினார்கள். கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியபோது அழகுமீனாவின் கட்டைவிரல் கணுக்காலில் அழுந்திவிட்டது. விரலை எடுத்தாள். குழி விழுந்திருந்தது. பழக்கத்தில் காத்திருந்தாள். அது எழவில்லை.

"நாக்குக்கு ருசியா ஒரு வாய் குடுக்காம அனுப்பிட்டாளே" என்று பொன்னுத்தங்கம் ராகம் எடுத்தாள். காளீஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டான். அழகுமீனா விரல்கட்டின் முடிச்சை இறுக்கினாள்.

வாய்க்கரிசி போட வந்த முத்துக்கருப்பன் போட்டுவிட்டு நகரவில்லை. கால்மாட்டில் குந்தி, அந்தக் குழியை உள்ளங்கையால் தடவினார். மறுபடியும் தடவினார். பாடையைத் தூக்க ஆட்கள் வந்து நின்ற பிறகும், மண்ணை நிரவுவதுபோல அவர் கை போய்ப் போய் வந்துகொண்டிருந்தது.