தொதலோடு கழன்ற அடைப்பு

மகள் அப்னாவுக்கு மாப்பிள்ளை பேச மாவடிப்பள்ளியிலிருந்து சாய்ந்தமருதுக்குப் போகும்போதே, சொல்ல வேண்டியதையெல்லாம் ஹாஜறா ஓட்டோவுக்குள் சொல்லிப் பார்த்து முடித்துவிட்டாள். முக்கியமானது ஒன்றுதான். கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளை முஹ்ஸின் பெண் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். ஊர் வழக்கம் அது. ஆனால் அவனுடைய தாய் மைமூனா, பிள்ளைகள் ஒரு வருஷம் தன்னோடு இருக்கட்டும் என்று சொல்லியனுப்பியிருந்தாள். அதை மறுக்க ஹாஜறாவிடம் ஏழு நியாயங்கள் இருந்தன.

"நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். நான் கதைக்கன்" என்று கணவர் முனாப்பிடம் சொல்லிவைத்தாள். முனாப்புக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

மாப்பிள்ளை வீட்டில் மைமூனா தன் கையால் கிண்டிய, அல்வா போல இழுபடும் தொதலை வெட்டிக் கொண்டுவந்து வைத்தாள். இரண்டாவது கடியில் ஹாஜறாவின் வாய்க்குள் ஏதோ கழன்றது. நாக்கை விட்டுப் பார்த்தாள். இடது கடைவாய்ப் பல்லில் ஒரு குழி. ஆறு வருஷத்துக்கு முன் சொத்தைக்கு வைத்த அடைப்பு, தொதலோடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.

துப்பினால் தொதலைப் பழித்தது போலாகும். விழுங்கவும் மனம் வரவில்லை. தொதலை மட்டும் விழுங்கிவிட்டு, அடைப்பைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டாள். வாய் திறந்தால் காற்றுப் பட்டுப் பல் கூசியது.

"மதினி, புள்ளையள் ஒரு வருஷம் இஞ்ச இருந்தா என்ன?" என்று மைமூனா தொடங்கினாள்.

ஹாஜறா அவளைப் பார்த்தாள்.

"எனக்கு இவன் ஒருத்தன்தானே. அதான் கேட்கன்."

ஹாஜறா நிலத்தைப் பார்த்தாள். முனாப் ஏதோ சொல்ல வாயெடுத்து, நினைவு வந்து, தேநீரைக் குடித்தார்.

"சரி, ஆறு மாசம்" என்றாள் மைமூனா.

அந்த நேரம் பார்த்துப் பல் சுரீரென்றது. ஹாஜறா கண்ணை இறுக மூடினாள்.

மைமூனா முந்தானையைச் சரிசெய்தாள். "ஓம் மதினி. வழக்கப்படியே செய்வம். கலியாணத்தண்டே உங்கட ஊட்ட வரட்டும்."

ஏழு நியாயங்களில் ஒன்றைக்கூட எடுக்காமல் ஹாஜறா வென்றுவிட்டாள். ஆனால் மைமூனாவின் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. கைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து, அடைப்பை அதில் துப்பினாள்.

மைமூனா கண்டுவிட்டாள். "கல்லா? என்ட தொதலிலயா? மாவ மூணு தரம் அரிச்சனே."

"கல் இல்ல மதினி. என்ட பல்லு அடைச்சது கழண்டுட்டு. அதாலதான் கதைக்கல்ல. கோவமெண்டு ஒண்டும் இல்ல."

"எப்பயிருந்து?"

"நீங்க ஒரு வருஷம் எண்டு சொல்லக்குள்ள வாய்க்குள்ளதான் கிடந்த."

ஒரு வருஷம், ஆறு மாசம் என்று தான் விட்டுக்கொடுத்ததை மைமூனா மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். பிறகு குசினிக்குப் போய், இளஞ்சூட்டுத் தண்ணீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்தாள். "நல்லாக் கொப்புளிங்க. அந்தப் பக்கத்தால ஒண்டும் கடிக்க வேணாம்."

கதைக்கக் கூடாது என்ற தடை நீங்கிவிட்டது என்று முனாப் நினைத்துக்கொண்டார். "செருப்பு ஒட்டுற பசையால ஒட்டினா என்ன? நல்லாப் பிடிக்கும்."

இரண்டு பெண்களும் அவரைப் பார்த்தார்கள். அன்று அவர்கள் முதன்முதலாக ஒத்துப்போன விஷயம் அதுதான்.

அன்றே மூவரும் கல்முனைக்குப் போனார்கள். அங்கே பல் டொக்டரம்மா டிஷ்யூவை விரித்துப் பார்த்தாள். பழையதைத் திரும்ப வைக்க முடியாது, அடியில் சொத்தை பிடித்திருக்கிறது, துப்புரவாக்கிப் புதிதாக அடைக்க வேண்டும் என்றாள். நாள் கடத்தாமல் வந்தது நல்லது என்றும் சொன்னாள். விறைப்பூசி போட்டு அடைத்து முடிக்க அரை மணித்தியாலம் ஆனது. அவ்வளவு நேரமும் மைமூனா ஹாஜறாவின் கைப்பையைப் பிடித்தபடி வெளியே வாங்குப் பலகையில் இருந்தாள். முனாப் பக்கத்தில் தூங்கிவிட்டார்.

ஹாஜறா வெளியே வந்ததும் மைமூனா கேட்டாள்: "மதினி, நான் பல்லுக்குத்தான் விட்டுக்குடுத்திருக்கன். அது செல்லுமா?"

ஹாஜறாவின் பாதி உதடு விறைத்துக் கிடந்தது. அந்த ஏழு நியாயங்களை இந்த வாயால் சொல்லவும் முடியாது. கேட்டவளின் முகத்தைப் பார்த்தபிறகு சொல்லத் தோன்றவும் இல்லை. "உங்கட ஊட்ட... மூணு மாசம்" என்றாள். அது வேறு ஏதோ போலக் கேட்டது.

"எத்தின?"

ஹாஜறா மூன்று விரலைக் காட்டினாள்.

நாலாவது விரலும் எழும்புமா என்று மைமூனா சற்றுப் பார்த்திருந்தாள். எழும்பவில்லை. "சரி" என்று கைப்பையைக் கொடுத்துவிட்டு, முனாப்பைத் தட்டி எழுப்பினாள்.