அண்ணனின் பெரிய எழுத்துகள்

தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பாகுபாடே கிடையாது. அந்தக் குறையை அண்ணன் தன் விண்வெளி நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆசை தீரத் தீர்த்துக்கொண்டிருந்தான். காற்றுச்சீட்டு, நினைவுக்கலம், ஒளிப்படகு என்று அவன் கற்பனையில் முளைத்த சொல் எதுவானாலும் ஆங்கிலத்தில் முதலெழுத்து பெரிதாக நிற்க வேண்டுமாம். மொழிபெயர்க்கும் தங்கை காலையில் சிறிதாக்குவாள். அவன் மாலையில் பெரிதாக்கிவிடுவான்.

அவளுக்கு அழுகையே வந்தது. மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள்களை மொழிபெயர்ப்பதுதான் அவள் பிழைப்பு. அதில் யார் பெயரும் இருக்காது. அவள் பெயர் போட்டு வரப்போகிற முதல் புத்தகம் இதுதான். மாதிரிப் பக்கங்களைப் படித்த பதிப்பாளரோ, "கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது. மொழிபெயர்ப்பாளருக்கு ஆங்கிலம் பழக்கமில்லையா?" என்று எழுதிவிட்டார். பெரிதாக்கியது அண்ணன், பழி மட்டும் இவள் தலையில். இன்று முழுப் பிரதியையும் அனுப்பியாக வேண்டும்.

"அண்ணா, கதையில அந்தப் பொண்ணு பொறந்ததுல இருந்து காற்றுச்சீட்டு வாங்கித்தான் மூச்சு விடுறா. தினம் கையில புழங்குறதை யாராவது மேளம் கொட்டிச் சொல்வாங்களா?"

"மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்சவன் நான். உனக்கென்ன தெரியும்?"

அண்ணி எட்டிப் பார்த்தாள். "என்னங்க, கடகடா மறுபடியும் தண்ணி விடுது."

கடகடா என்பது அந்த வீட்டுத் துணி துவைக்கும் இயந்திரம். பெயர் வைத்தவன் அண்ணனேதான்.

"கடகடாவை அணைச்சுட்டு மறுபடி போடு" என்றான், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"பாத்தியா? அதுவும் நீ கண்டுபிடிச்ச பேருதானே? எவ்வளவு சாதாரணமா சொன்னே!"

"அது வீட்டுல புழங்குற வார்த்தை."

"அதைத்தானே நானும் தொண்டை வத்தச் சொல்றேன்!"

"அது துணி துவைக்குது. இது இலக்கியம். பெருசு பண்ணிக் குடு."

அவளுக்கு வெறுத்துப்போயிற்று. மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்து, எல்லாவற்றையும் அவன் கேட்டபடியே பெரிதாக்கினாள். பிறகு முதல் பக்கத்துக்குப் போய், அண்ணன் பெயருக்குக் கீழே இருந்த தன் பெயரை அழித்தாள். பார்த்ததும் கத்துவான், ஏன் என்று கேட்பான், கேட்டால் மனசில் இருப்பதையெல்லாம் கொட்டித் தீர்த்துவிடலாம் என்று காத்திருந்தாள்.

அண்ணன் முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் பார்த்தான். நடுவில் எங்கோ சின்ன எழுத்தில் தப்பியிருந்த ஒரு ஒளிப்படகைக்கூடக் கண்டுபிடித்துத் திருத்தினான்.

"இப்பதான் புஸ்தகம் மாதிரி இருக்கு" என்று சொல்லி, அனுப்பிவிட்டான்.