நாக்கை மரக்கச் செய்த வேர்

யுத்தம் வந்தபின் வடக்கேயிருந்து மருந்துச் சரக்கு வருவது அரிதாகிவிட்டது. ரயிலில் பட்டாளத்துக்குத்தான் முதல் இடம். திருச்செங்கோட்டில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்த அர்த்தநாரி, சேலத்துத் தரகர் ஒருவரிடம் ஒரு மூட்டை அதிவிடயம் கிடைத்ததே பெரிது என்று வாங்கி வந்தார். குழந்தைகளின் காய்ச்சலுக்கு இழைத்துக் கொடுக்கிற வேர் அது.

மறுநாள் காலை அவர் மனைவி சௌந்திரம், சின்னண்ணன் என்கிற குடியானவருக்கு அதில் கொஞ்சம் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டு அவர் பள்ளிபாளையம் பஸ்ஸுக்கு ஓடினார். பிறகுதான் மூட்டையோரம் சிதறியிருந்த வேர்களில் ஒன்று கறுத்திருப்பதைக் கண்டாள். ஒடித்து நுனிநாக்கில் வைத்தாள். வெறுமனே கசக்கவேண்டிய வேர் சுருக்கென்று குத்தியது. துப்பிவிட்டு வாயைக் கழுவியும் நாக்கு மரத்துப்போனது.

"ஏனுங்க, இதுல நாபி கலந்திருக்குதுங்க!"

நாபி, பார்வைக்கு அதிவிடயம் போலவே இருக்கும் கொடிய நஞ்சு வேர். அர்த்தநாரியின் முகம் வெளுத்தது. "அந்தாளு பொட்டலத்துல நல்லதே போயிருக்கும். நீயாப் போயிச் சொன்னீன்னா நாளைக்கு நம்ம கடைக்கு எவன் வருவான்?"

"போவாட்டி எனக்குச் சோறு எறங்காதுங்க."

குதிரைவண்டி பிடித்து விரைந்தாள். பெட்ரோல் தட்டுப்பாட்டால் கரியில் ஓடும் பஸ் எங்காவது நின்றிருக்கவேண்டும் என்று வழியெல்லாம் வேண்டிக்கொண்டாள். மேட்டில் ஏற முடியாமல் நின்றுதான் இருந்தது. ஆனால் சின்னண்ணன் அதில் இல்லை. காத்திருக்கப் பொறுக்காமல் காட்டுவழியே நடந்துவிட்டார் என்று கண்டக்டர் கை காட்டினார். சௌந்திரம் வண்டியை விட்டிறங்கி ஓடினாள்.

விசாரித்து வீட்டை அடைந்தபோது, சின்னண்ணனின் மனைவி கண்ணாத்தாள் மடியில் குழந்தையும் எதிரே வேர் இழைத்த கல்லுமாக உட்கார்ந்திருந்தாள்.

"குடுத்துட்டியா அம்மிணி?"

"இப்பத்தானுங்க, வெரல்ல தொட்டு நாக்குல வெச்சேன்."

சௌந்திரம் கல்லைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அதே குத்தல். ஈரத்துணியால் குழந்தையின் வாயைத் துடைத்துத் துடைத்து எடுத்தாள். குழந்தைக்கு எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது.

"மருந்துன்னுதானே குடுத்தீங்க?" என்று சின்னண்ணன் கத்தினார்.

"தப்பு எங்களுதுதானுங்க. புள்ள தெளியற மட்டும் நான் எந்திரிக்க மாட்டேன்."

குழந்தையின் நெஞ்சில் கை வைத்தபடியே இருந்தாள். மூச்சு சில சமயம் தெரிந்தது. சில சமயம் தெரியவில்லை. வெயில் தாழ்ந்தபோது குழந்தை முகத்தைச் சுளித்து, வீறிட்டழுது, பாலுக்குத் தேடியது. கண்ணாத்தாள் அதை வாரி அணைத்துக்கொண்டு அழுதாள். சௌந்திரத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் கடைக்குத் திரும்பியபோது அர்த்தநாரி மூட்டையைப் பிரித்துப்போட்டு வேர்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"பொழைச்சுக்கிச்சுங்க."

அவர் தலை நிமிரவில்லை. "நேத்துப் பொழுதோட நானும் ரெண்டு பேருக்குக் குடுத்தேன் புள்ள. மொகங்கூட நெனப்பில்ல."

அர்த்தநாரி எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் கடைவீதியில் தண்டோராச் சத்தம் கேட்டது. அர்த்தநாரி கடையில் வாங்கிய அதிவிடயத்தில் விஷம் கலந்திருக்கிறது, யாரும் தொடவேண்டாம் என்று தெருத்தெருவாக முழங்கியது.

விளக்கு வைக்கும் நேரத்தில் ஒரு பெரியவர் பிரிக்காத பொட்டலத்தோடு வந்து நின்றார். இன்னொருவர் வரவில்லை; தண்டோரா எட்டாத வெளியூர்க்காரரோ என்னவோ. கணவனும் மனைவியும் கடையை அடைக்காமல், வெளியூர்ச் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.