உள்ளே இருந்த பெல்ட்

பானெட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு என் புருஷன் பெசாமினோ முதலில் செய்தது, சட்டையைக் கழற்றி ஈரப்பலாக் கிளையில் மாட்டியது. அடுத்து என்னைப் பார்த்து, "ஒரு மணி நேரம், அவ்வளவுதான்" என்று சொன்னது. அப்போதுதான் மதியச் சாப்பாடு முடிந்து, சொந்தக்காரர்கள் மிச்சப் பன்றிக்கறியை இலையில் கட்டிக்கொண்டு கிளம்பியிருந்தார்கள். எங்கள் மகள் எசெதா அன்று ராத்திரி விமானத்தில் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறாள். முதியோர் இல்லத்தில் வேலை, மூன்று வருஷ ஒப்பந்தம். தானே காரை ஓட்டிப் போய் விமான நிலையக் கதவு வரை அவளை விட்டுவர வேண்டும் என்பதுதான் அவருக்கு ஒரே ஆசை. அவள் வேலைக்குப் பெயர் கொடுத்த நாளிலிருந்து ஊர் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிந்தார். விமான நிலையம் தீவின் அந்தக் கோடியில் இருக்கிறது, நாங்கள் இந்தக் கோடியில், நடுவில் மலை.

பெல்ட் கிறீச்சிட ஆரம்பித்து மாதக்கணக்காகிவிட்டது. காரை எடுத்தாலே கோழியெல்லாம் சிதறி ஓடும். ஆக்லாந்திலிருக்கும் அவர் தம்பி புது பெல்ட் இரண்டு வாங்கி அனுப்பியிருந்தார். அவை பிரிக்காத உறையோடு என் தையல் மெஷின் மேல் கிடந்தன. மாற்றுங்கள் மாற்றுங்கள் என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரிதான். தலைநகர் ஆபியாவுக்குப் போகும்போது மெக்கானிக்கிடம் விடலாம் என்றால், "நாலு போல்ட்டைக் கழட்டி மாட்ற வேலைக்கு இன்னொருத்தன் எதுக்கு?" என்பார். அன்று காலையில் எதற்கோ குனிந்து பார்த்தவர் முகம் வெளுத்துவிட்டது. பெல்ட்டில் பாளம் பாளமாக வெடிப்பு. ராத்திரியில், மலைப்பாதையில் அது அறுந்தால் பேட்டரி இறங்கி விளக்கு அணைந்துவிடும், ஸ்டியரிங்கும் இறுகிவிடும். அப்படியே பள்ளத்தில் போய்ச் சேர வேண்டியதுதான்.

சரி, காலையிலேயே ஆரம்பித்திருக்கலாம் அல்லவா? முடியாதே. வழியனுப்பு விருந்துக்கு வந்தவர்களுக்குப் பேச வேண்டும். இவர் ஊர்ச் சபையில் பேச்சாளர் பட்டம் வாங்கிய தலைவர். கடல், காற்று, தோணி, தாத்தாவின் தாத்தா என்று இவர் எழுந்து நின்று இழுத்த இழுப்பில் சேப்பங்கிழங்கு ஆறிக் கல்லாகிப் போனது. எசெதா என் காதில், "அம்மா, அப்பா பேசி முடிக்கறதுக்குள்ள மூணு வருஷம் முடிஞ்சு நான் திரும்பி வந்துடுவேன்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சாயங்காலத்துக்குள் அந்தச் சிரிப்பெல்லாம் காணாமல் போய்விட்டது.

முதல் பெல்ட் சுலபமாகத்தான் கழன்றது. புதியதை மாட்டி, முறுக்கி, விரலால் அழுத்திப் பார்த்து, ஏதோ எஞ்சினையே பெற்றெடுத்தவர் மாதிரி இடுப்பில் கை வைத்து நின்றார். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டு மலாகி வந்தான். பானெட் திறந்திருந்தால் ஆண்பிள்ளைகளுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாதே.

"முடிஞ்சுதா தலைவரே?"

"முடிஞ்சுது. பாரு, புத்தம் புதுசு."

மலாகி தலையை உள்ளே விட்டுப் பார்த்தான். "இது சரி. இதுக்குப் பின்னாடி இன்னொண்ணு ஓடுதே, அதை மாத்த ஆக்லாந்துலேருந்து தம்பி வருவாரா?"

பெசாமினோ குனிந்தார். வெடித்துக் கிடந்தது உள்பக்கத்துப் பெல்ட்தான். பேட்டரிக்குக் கரண்ட் கொடுக்கிறதே ஆல்டர்னேட்டர், அதைச் சுற்றுவதும் அதுதான். அதைத் தொட வேண்டுமென்றால் இப்போது மாட்டிய புதியதை முதலில் கழற்ற வேண்டும். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"வந்தது ரெண்டு பெல்ட்டுன்னு கண்ணு தெரியலையா? ரெண்டாவதை மாலையா அவ கழுத்துல போட்டு அனுப்பலாம்னு இருந்தீங்களா?"

"எசெதா, உங்கம்மாவை உள்ள கூட்டிட்டுப் போ. இல்லேன்னா நான் இந்த ஸ்பேனரை முழுங்கிடுவேன்."

"முழுங்குங்க. வயித்துக்குள்ளயாவது அதுக்கு ஒரு வேலை கிடைக்கட்டும்."

மாட்டியதைக் கழற்றினார். உள்பெல்ட்டைத் தளர்த்தும் போல்ட் அசையவில்லை. கடல்காற்றில் துருவேறி எஞ்சினோடு எஞ்சினாகிப் போயிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினார்கள். பிறகு என் தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய் பாட்டிலையும் கவிழ்த்தார்கள். ஸ்பேனரின் பிடியில் குழாயைச் சொருகி மலாகி தொங்கினான். வெயில் சாய்ந்துகொண்டே போனது. எசெதா குளித்து, குழுவாகப் போகிறவர்களுக்குக் கொடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு பெட்டி மேல் உட்கார்ந்திருந்தாள். அடுத்த ஊரிலிருந்து அதே விமானத்துக்குப் போகிறவர்களின் வேன் எங்கள் வீட்டைத் தாண்டித்தான் போகும், ஓர் இடம் காலியாக இருக்கிறது, வேண்டுமா என்று போனில் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவள் அப்பாவின் முதுகைப் பார்த்தாள். "வேண்டாம், அப்பா கொண்டுவந்து விடுவாரு" என்று சொல்லிவிட்டு போனை வைத்தாள்.

ஒருவழியாகப் போல்ட் இளகியது. பழைய பெல்ட் கையோடு இரண்டாகப் பிய்ந்து வந்தது. புதியதை உள்ளே மாட்டி, இழுத்துப் பிடித்து முறுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது சங்கு ஊதினார்கள்.

மாலைச் சங்கு ஊதினால் எங்கள் ஊரில் 'சா', அதாவது ஜப நேர ஊரடங்கு. எல்லாரும் வீட்டுக்குள் போய் ஜபத்தில் உட்கார வேண்டும். ரோட்டோரம் இளவட்டங்கள் வரிசையாக நிற்பார்கள், வண்டிகூட நகர முடியாது. போன மாதம் சா நேரத்தில் புல்வெட்டும் மெஷினைக் கிளப்பிய மலாகிக்கு ஒரு பெட்டி டின் மீன் அபராதம். சபையில் எழுந்து நின்று அதை விதித்தவரே என் புருஷன்தான்.

மலாகி சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "தலைவரே, நீங்க முறுக்குங்க. நான் எதையும் பார்க்கல. பொண்ணு போற நேரம், சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது."

"முறுக்குங்களேன்!" என்றேன் நான். "உங்களை யார் கேக்கப் போறா?"

பெசாமினோ ஸ்பேனரைப் பார்த்தார். மலாகியைப் பார்த்தார். "இவன்கிட்ட மீனை அபராதமா வாங்கினவன் நான்" என்று சொல்லி ஸ்பேனரைக் கீழே வைத்தார். எனக்கு அந்த ஸ்பேனரை எடுத்து அவர் தலையிலேயே போடலாம் போலிருந்தது. இத்தனை வருஷத்தில் நேர்மை காட்ட இவருக்கு வேறு நாளா கிடைக்கவில்லை? ஆனால் மலாகி தலையை ஆட்டிவிட்டுத் தன் வீட்டுக்கு நடந்தபோது, அவன் முகத்தில் கேலி இல்லை என்பதையும் நான் கவனித்தேன்.

ஜபம் சொல்வது எப்போதும் அவர்தான். அன்றைக்காவது சுருக்கிக்கொள்ள வேண்டுமே என்று நான் கடவுளிடம் தனியாக வேண்டிக்கொண்டேன். கையைத் துடைக்கக்கூட நேரமில்லாமல் கிரீஸ் படிந்த கருப்புக் கைகளைக் கோத்துக்கொண்டு ஆரம்பித்தார். கடலைச் சொன்னார், வானத்தைச் சொன்னார், "எசெதா" என்றார். அதற்கு மேல் வரவில்லை. ஊரே வாய் பிளந்து கேட்கப் பேசும் மனுஷன் வாயை மூடிக்கொண்டு பாயையே பார்த்துக்கொண்டிருந்தார். எசெதாதான் பாட்டை எடுத்தாள். நானும் பாடினேன், கோபத்தோடுதான்.

முடிவுச் சங்கு ஊதியதுமே வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவர்களும் ஊர் எல்லையில் ஜப நேரத்துக்காக நிறுத்தப்பட்டு, இப்போதுதான் விடப்பட்டிருந்தார்கள். டிரைவர் எட்டிப் பார்த்து, "வர்றதுன்னா இப்பவே வரணும். ஏற்கெனவே லேட்டு" என்றான்.

பெசாமினோ காருக்கு ஓடிவிட்டார். "பத்து நிமிஷம்! முறுக்கினா முடிஞ்சுது, பத்தே நிமிஷம்!"

எசெதா என்னைப் பார்த்தாள். அவள் ஒருநாளும் தானாக முடிவெடுத்து அப்பாவை நோகடிக்க மாட்டாள். அந்தப் பாவம் எப்போதும் என் தலையில்தான் விழும்.

"ஏறு" என்றேன்.

"அம்மா, அப்பா..."

"பத்து நிமிஷத்தை மத்தியானத்துலேருந்து கேட்டுட்டு இருக்கேன். விமானம் உங்கப்பாவோட பேச்சு இல்ல, நமக்காக நீண்டுட்டே இருக்க. ஏறுடி!"

அவள் காரிடம் ஓடினாள். அவர் நிமிர்ந்து, இரண்டு கையையும் தோளுக்கு மேல் தூக்கிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். "கிட்ட வராத, சட்டையெல்லாம் கறையாயிடும். நாலு பேர் நடுவுல போற, கௌரவமா போ" என்றார். நான் அதற்கு மேல் பார்க்கவில்லை. பெட்டியைத் தூக்கி வேனின் பின்பக்கம் திணிக்கப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது அவள் உள்ளே உட்கார்ந்திருந்தாள். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு ஏதாவது சொல்லலாம் என்று வாயெடுத்தேன். "கம்பளிச் சட்டை எடுத்தியா?" என்றுதான் வந்தது. வேன் போய்விட்டது.

பத்து நிமிஷத்தில் முடியவில்லை. முறுக்கும் போல்ட் அவர் விரலிலிருந்து நழுவி எஞ்சினுக்கு அடியிலிருந்த தகட்டுக்குள் விழுந்தது. டார்ச்சை வைத்துக்கொண்டு அவரும், மறுபடி வந்த மலாகியும் அதைத் தேடி எடுத்து, மாட்டி, மேல் பெல்ட்டையும் போட்டு முடித்தபோது, விமான நிலையத்தில் பயணிகளை உள்ளே விடும் நேரம் தாண்டிவிட்டது. கிளம்பினாலும் பூட்டிய கதவைத்தான் பார்க்க வேண்டும். நான் சொன்னதுதான் சரியாகிப் போயிற்று. அந்தச் சரியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? சொல்லிக்காட்டலாம் என்று வாசல்வரை போனேன். காரின் படியில் அவர் குனிந்து உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்ததும் உள்ளே திரும்பிவிட்டேன். சாப்பாட்டைத் தட்டில் போட்டு அவர் பக்கத்தில் வைத்தேன். தொடவில்லை.

அப்போது என் போனில் ஒரு படம் வந்தது. வேனில் போன பெண்களில் ஒருத்தி விமான நிலையத்திலிருந்து அனுப்பியது. சட்டையின் முதுகில் குழுவின் பெயர் அச்சடித்திருந்ததால், எல்லாரும் திரும்பி நின்று முதுகைக் காட்டி எடுத்திருந்தார்கள். கீழே, "எசெதாவுக்கு மாத்துச் சட்டை குடுத்தோம், போட்டுக்க மாட்டேன்னுட்டா" என்று எழுதியிருந்தாள்.

நான் போனை அவரிடம் நீட்டினேன். வெள்ளை வெளேரென்று வரிசையாக முதுகுகள். நடுவில் ஒரு முதுகில் மட்டும் எழுத்தே தெரியவில்லை. அதன் மேல் விரல்கள் விரிந்து, அழுந்தப் பதிந்த இரண்டு கருப்புக் கைகள் இருந்தன.