குட்டியின் முதுகு

இரண்டாவது முறையும் சிமென்ட் கலவை பெயர்ந்து விழுந்தபோது மகள் கரணையைக் கீழே வைத்துவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தாள். படகுத்துறையில் ஆளே இல்லை. உச்சி வெயிலில் கடல் அசையாமல் கிடந்தது.

வீட்டில் அப்பாவின் உடல். அக்கா வந்ததும் மாலையில் எடுக்க வேண்டும். பெற்ற தகப்பனைப் போட்டுவிட்டுப் பூச்சு வேலைக்கு வந்தவளை ஊர் என்ன பேசும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நாளை திறப்பு விழா. இங்கே கடற்பசுக்களுக்கு ஒரு சரணாலயம் இருப்பது நாலு பேருக்குத் தெரியட்டும் என்று அப்பா ஒன்றரை வருடம் பாடுபட்டுச் செய்த சிலை இது: தாயும், அதன் விலாவை ஒட்டி நீந்தும் குட்டியும். தாயின் முதுகில் குறுக்காக மூன்று வெட்டுகள், படகின் அடியில் சுழலும் விசிறி கிழித்த மாதிரியே. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பயந்துவிடும், வெட்டு வேண்டாம் என்றார் சரணாலய அதிகாரி. வெட்டு இருந்தே தீரும் என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். நேற்று விடிகாலையில் அவர் போய்விட்டார். இன்று காலையில் அதிகாரியிடமிருந்து போன் வந்தது.

"மனசே ஆறலம்மா, தங்கமான மனுஷன். அப்புறம், அந்த வெட்ட மட்டும் இன்னிக்கே பூசிடும்மா. இல்லேன்னா கல்வெட்டுல அப்பா பேரு வராது. மேலிடத்துல சொல்லிட்டாங்க."

துக்கம் விசாரிக்கவும் வேலை வாங்கவும் அவருக்கு ஒரே போன் போதுமாக இருந்தது.

அப்பா செய்த எந்தச் சிலையிலும் அவர் பெயர் கிடையாது. இதிலாவது இருக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. வெட்டுகளை மறுபடி கொத்திவிட்டு, தண்ணீர் தெளித்து, சிமென்ட் பால் தடவி, கலவையை அழுத்தினாள். இந்த முறை பிடித்துக்கொண்டது. வாளியைக் கழுவத் திரும்பினாள். பின்னால் தொப்பென்று ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று, இன்னொன்று.

விழுந்த கலவைக் கட்டிகள் வறண்டிருந்தன. வெட்டுகளின் உள்ளேதான் ஈரம். விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. அவள் கொண்டு வந்தது வீட்டுக் குழாய்த் தண்ணீர். அப்பா செத்த துக்கத்தைவிட அந்த நிமிடம் அவளுக்குப் பயம்தான் பெரிதாக இருந்தது. அப்போதுதான் குட்டியின் முதுகில் மயிரிழை போல ஒரு விரிசலைப் பார்த்தாள். காலையில் அது இல்லை.

"அக்கா வந்துட்டாடி, வா."

அம்மா பின்னால் நின்றிருந்தாள். விரிசலைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறிப்போனது.

"இது நீ போட்டதா?"

"இல்லம்மா. தானா வந்திருக்கு."

அம்மா சிலையின் பீடத்தில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஒரு தாயையும் குட்டியையும் நெசமாவே கிழிச்ச படக ஓட்டினது உங்கப்பாதான். கல்யாணமான புதுசு. நான்தான் இன்னும் வேகமாப் போங்கன்னேன். மூணு வெட்டு தாய் மேல. நாலாவது குட்டி மேல. அத மட்டும் அவரால செதுக்க முடியல. தெனமும் உளிய எடுத்துக்கிட்டு வருவாரு, அப்படியே திரும்பிடுவாரு."

கல்வெட்டில் பெயர் போனால் போகட்டும் என்று மகளுக்குத் தோன்றியபோது அழுகை வந்தது. அழுதுகொண்டே உளியை எடுத்து விரிசலில் வைத்து அடித்தாள். இறுகிப்போன சிமென்ட் ஈர மணலைப் போல வழிவிட்டது. போன் அடித்தது, அதிகாரிதான். அடித்து ஓய்ந்தது.

அம்மா எழுந்து வந்து புது வெட்டுக்குள் விரல்களை விட்டுப் பார்த்தாள்.

"அன்னிக்குப் பட்டது இன்னும் ஆழம்" என்றாள்.