எல் போர்டு சேஸிங்

யூனிஸ் பாளையங்கோட்டையில் பதினாலு வருஷமாகக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறாள். கிளட்ச்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதிப்பவர்கள், ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணை மூடிக்கொள்பவர்கள் என்று எல்லாரையும் பார்த்தாயிற்று. ஆனால் அவள் பொறுமையை முழுசாகத் தின்றது குற்றாலலிங்கம் ஒருவர்தான்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அவர். ஓய்வு பெற்ற மறுமாசமே கார் வாங்கி, வாசலில் நிறுத்தி, உறை போட்டு மூடிவிட்டுத்தான் ஓட்டப் பழக வந்தார். பதினெட்டு வகுப்பு முடிந்தும் இரண்டாம் கியரைத் தாண்டவில்லை. வாய் மட்டும் நிற்காமல் ஓடும். அதுவும் ஒரே விஷயம்தான்: சினிமாவில் வரும் கார் சேஸிங்.

"டீச்சர், நேத்து ஒரு வெள்ளைக்காரப் படம் பாத்தேன். சேஸிங்ல பாட்டு, மியூசிக் ஒண்ணும் கிடையாது. எஞ்சின் சத்தம் மட்டுந்தான். வளைவுல ஹேண்ட் பிரேக்க இழுத்தாம் பாருங்க..."

"அண்ணாச்சி, முன்னால ஸ்பீட் பிரேக்கர்."

"நம்ம ஆளுக எடுக்கதுல ஒரு குறை இருக்கு. விரட்டுதவன் எப்பவும் பழக்கடை மேலதான் ஏறுதான். ஏன், பலசரக்குக் கடையே ஊர்ல இல்லையா?"

"ஸ்பீட் பிரேக்கர்!"

கார் தூக்கிப் போட்டு, அணைந்து, நடுரோட்டில் நின்றது. பின்னால் நாலு வண்டி ஹாரன் அடித்தது. யூனிஸ் சாவியைத் திருப்பச் சொன்னாள். அவர் வைப்பரைப் போட்டார்.

பத்தொன்பதாவது வகுப்பு, பிசான நெல் அறுவடை நேரம். மேலப்பாளையம் தாண்டிப் பத்தமடைக்குப் போகிற ரோட்டில், மாலை நாலு மணிக்கு, காருக்கு முன்னால் ஒரு வைக்கோல் லாரி போய்க்கொண்டிருந்தது. உச்சிவரைக்கும் அடுக்கிக் கயிறு கட்டியிருந்தார்கள். ரோட்டின் குறுக்கே தாழ்ந்து தொங்கிய மின்கம்பியில் உச்சி வைக்கோல் உரசிற்று. சடசடவென்று ஒரு பொறி.

"படத்துலன்னா இதுக்கே வண்டி வெடிச்சிருக்கும்," என்றார் குற்றாலலிங்கம்.

லாரியின் பின்பக்கத்திலிருந்து மெல்லியதாகப் புகை கிளம்பியது. லாரி போகப் போகக் காற்றில் அது தடித்தது. டிரைவர் நிறுத்தவில்லை. உள்ளே பாட்டு அலறிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் வைக்கோல் பிதுங்கி நின்றதால் கண்ணாடியில் அவனுக்குப் பின்னால் இருப்பது எதுவும் தெரிய வழியில்லை.

ஒன்றரை கிலோமீட்டரில் ஊர். பள்ளிக்கூடம் விடுகிற நேரம். பஸ் ஸ்டாப்பில் பிள்ளைகள் நிற்கும்.

"அண்ணாச்சி, அந்த லாரியப் பிடிக்கணும்."

"நானா? டீச்சர், நீங்க இங்கன வாங்க, நான் அங்கன உக்காருதேன்."

அவர் சீட் பெல்ட்டைக் கழற்றவே அரை நிமிஷம் எடுப்பார் என்று யூனிஸுக்குத் தெரியும். இறங்கி மாறுவதற்குள் லாரி ஊருக்குள் போய்விடும். பயிற்சிக் காரில் அவள் பக்கமும் கிளட்ச், பிரேக் இரண்டும் உண்டு. ஆக்ஸிலேட்டர் கிடையாது. அவளால் காரை நிறுத்த முடியும், வேகமாக ஓட்ட முடியாது.

"மாறுததுக்கு நேரமில்ல. மிதிங்க."

"மிதிக்கேன்."

"அது பிரேக்!"

அவர் காலை மாற்றி மிதிக்க, கார் ஒரு குலுக்கலோடு முன்னால் பாய்ந்தது. யூனிஸ் தன் பக்கத்துக் கிளட்ச்சை மிதித்து, கையை நீட்டி அவளே மூணாம் கியரைப் போட்டாள். வேகமுள் முப்பதைத் தொட்டது. குற்றாலலிங்கத்தின் உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. கந்தர் சஷ்டி கவசமாக இருக்கும்.

அவள் எட்டி ஹாரனை அமுக்கிப் பிடித்தாள். டிரைவர் கையை வெளியே நீட்டி, போ போ என்று சைகை காட்டினான். அவ்வளவுதான். இப்போது தீ கண்ணுக்கே தெரிந்தது. எரிகிற வைக்கோல் துணுக்குகள் பறந்து வந்து காரின் முன்கண்ணாடியில் விழுந்தன.

"ஏறிப் போங்க, வலது பக்கம்."

வலதுபக்கம் எடுத்தார். எதிரே பஸ் வந்தது.

"டீச்சர், பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவுல நுழைஞ்சிருவமா?"

"நுழைஞ்சா நேரா ஆஸ்பத்திரிதான்!" யூனிஸ் பிரேக்கை மிதித்தாள். பஸ் டிரைவர் கெட்ட வார்த்தை ஒன்றை வீசிவிட்டுப் போனார். "இப்ப ரோடு காலி. மிதிங்க அண்ணாச்சி. பைய இல்ல, நல்லா மிதிங்க!"

நாற்பது. நாற்பத்திரண்டு. லாரியின் சூடு ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. அவர் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. அதை யூனிஸ் கவனித்தாள். லாரியைத் தாண்டியதும் அவர் ஸ்டியரிங்கைச் சட்டென்று இடதுபக்கம் ஒடித்தார்.

"என்ன செய்யுதீங்க?"

"குறுக்க போட்டு நிறுத்துதேன்!"

"அவன் நம்ம மேல ஏறிருவான் ஓய்!" பதினாலு வருஷத்தில் ஒரு மாணவரை அவள் ஓய் என்றது அன்றுதான். ஸ்டியரிங்கைப் பிடித்து நேராக்கினாள். "இண்டிகேட்டர் போடுங்க. கைய வெளிய நீட்டுங்க. பைய வேகத்தக் குறைங்க."

முன்னால் கார் வேகம் குறையக் குறைய, ஊர் எல்லைக்கு முன்னால் லாரியும் நின்றது. டிரைவர் பூதத்தான் கதவைத் திறந்து குதித்தான்.

"என்னவே, எல் போர்டப் போட்டுட்டு இந்தப் போக்கு..."

யூனிஸ் அவன் தோளுக்கு மேலே கையைக் காட்டினாள். திரும்பிப் பார்த்தவன் வண்டிக்குள் பாய்ந்து அரிவாளை எடுத்தான்.

அதன்பிறகு ஆளுக்கொரு பக்கம் கயிற்றை அறுத்தார்கள். வயலில் நின்ற நாலைந்து பேர் ஓடிவந்தார்கள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு குற்றாலலிங்கமும் கம்பால் வைக்கோலை நெம்பி, அறுத்துக் கிடந்த வயலுக்குள் தள்ளினார். தீயணைப்பு வண்டி வரும்போது வயலில் வைக்கோல் எரிந்துகொண்டிருந்தது. லாரியின் பின்பலகை கருகியதோடு சரி. பூதத்தான் வரப்பில் உட்கார்ந்து குற்றாலலிங்கத்தின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான். அவருடைய ஒரு புருவம் பொசுங்கியிருந்தது.

திரும்பும்போது யூனிஸ் ஓட்டினாள். மேலப்பாளையம் வரைக்கும் அவர் வாயே திறக்கவில்லை. அந்த அமைதி அவளுக்குக் கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

"டீச்சர், எவ்வளவு வேகத்துல போனோம்?"

"நாப்பத்திரெண்டு."

"அவ்வளவுதானா?" வெகுநேரம் யோசித்தார். "யார்ட்டயும் சொல்லிராதீங்க."

ஞாயிற்றுக்கிழமைக்குள் அது நூற்றுப்பத்து ஆகியிருந்தது. யூனிஸின் சர்ச்சிலேயே ஒருவர் வந்து, பஸ்ஸுக்கும் லாரிக்கும் நடுவில் கார் ஒரு சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நுழைந்ததாமே என்று கேட்டார். அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமை லைசென்ஸ் டெஸ்ட். ரிவர்ஸ் எடுத்துக்கொண்டே குற்றாலலிங்கம் இன்ஸ்பெக்டருக்கு அந்தக் கதையைச் சொன்னார். பஸ் எதிரே வருகிற இடத்தை விளக்க ஸ்டியரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்தார். டெஸ்டுக்கு நட்டிருந்த கம்பத்தில் மூன்று சாய்ந்தது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு, பொசுங்கிய புருவத்தோடு குற்றாலலிங்கம் யூனிஸின் வாசலில் நின்றார்.

"டீச்சர், எங்க விட்டோம்?"

யூனிஸ் அவரை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு காரின் இடதுபக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தாள்.

"ரிவர்ஸ்ல," என்றாள்.