சூப் குடிக்கும் கணவர்

பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க ஊரார் ரத்தத்தை எடுத்துக் குழாயில் அடைக்கிறவள் அவள். சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் கண்ணை மூடிவிடுவாள். அன்று சிக்னலில் பஸ் குலுங்கி நிற்க, கண்ணைத் திறந்தால் எதிரே மூன்று மாடி உயரத்துக்குத் தன் கணவர். கையில் கரண்டி, முன்னால் காளான் சூப், முகம் கொள்ளாத சந்தோஷம். விளம்பரப் பலகையின் கீழே ஓர் உணவகத்தின் பெயரும் ‘ருசி முகத்தில் தெரியும்’ என்ற வரியும்.

அவர் காப்பீட்டு நிறுவனத்துக்காக அடிபட்ட கார்களைப் பார்த்துச் சேதத்தை மதிப்பிடுகிறவர். காரைப் பார்க்கிற அதே முகத்தோடுதான் வீட்டிலும் சாப்பிடுவார். என்ன சமைத்துப் போட்டாலும் வாயைத் திறக்க மாட்டார், சாப்பிடுவதற்குத் தவிர.

"உங்களப் பாத்தேன்" என்றாள், ராத்திரி தட்டை வைத்துக்கொண்டே.

"எங்க?"

"மேம்பாலத்துக்கிட்ட. மூணு மாடி உயரம் இருந்தீங்க."

அவர் வாயிலிருந்ததை மென்று முடித்தார். "அங்க சாப்பிடப் போனப்ப போட்டோ எடுத்துக்கவான்னு கேட்டாங்க. சரின்னேன். சின்னதா எங்கயாவது போடுவாங்கன்னு நெனச்சேன்."

"அது கெடக்கட்டும். இப்படி ஒரு மூஞ்சி உங்ககிட்ட இருக்குன்னு எனக்கு யாரும் சொல்லலையே?"

"வெளிச்சம் அப்படி" என்றார்.

மறுநாள் காலையில் நாத்தனார் போன் செய்தாள். "அண்ணி, அண்ணன் பாவம், வீட்ல சாப்பாடு பிடிக்கலையாமே?"

"வீட்லயும் அதே மாதிரிதான் சாப்பிடுறாரு. கேமராதான் இல்ல" என்று வைத்துவிட்டாள். ஆனால் மனசு ஆறவில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு நேராக அந்த உணவகத்துக்கே போனாள்.

"மேம்பாலத்துல இருக்கிறவர் குடிச்ச சூப் ஒண்ணு" என்றாள்.

வந்தது. பசை மாதிரி இருந்தது, உப்பும் தூக்கல். இதைவிட நன்றாக அவளே செய்வாள். மேனேஜரைக் கூப்பிட்டாள்.

"இதுக்கா எங்க வீட்டுக்காரர் அப்படிச் சிரிச்சாரு?"

மேனேஜர் முதலில் வணக்கம் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "உண்மையச் சொல்றேம்மா. சார் சூப்பத் தொடவே இல்ல. கேமராவப் பாத்ததும் கல்லு மாதிரி ஆயிட்டாரு. போட்டோக்காரர் கெஞ்சிப் பாத்து ஓஞ்சுட்டாரு. அப்பப் பாத்து ஒரு போன். ‘அப்படியா, மச்சான் வரலையா, அடப் பாவமே’ன்னு பேசினாரு. பேசும்போதே இந்த மூஞ்சி வந்துச்சு. சட்டுனு எடுத்துட்டோம். காதுல இருந்த போன மட்டும் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டோம்."

அந்த போனைச் செய்தவள் அவள்தான். ஒரு மாதம் தங்க வருவதாக இருந்த தன் அண்ணன் கடைசி நேரத்தில் வரவில்லை என்று சொல்லி அழுதிருந்தாள். அண்ணன் வந்தால் ஹால் அவர் வசம். டிவி சத்தம் தெருமுனை வரை கேட்கும். அடிபட்ட காரை எப்படிப் பார்க்க வேண்டும் என்று கணவருக்கே வகுப்பெடுப்பார்.

கோபம் வரும் என்று சற்று நேரம் காத்திருந்தாள். வருவதாகத் தெரியவில்லை. கணவருக்குப் போன் போட்டு அங்கேயே வரச் சொன்னாள்.

அவர் வந்து எதிரே உட்கார்ந்து, சூப்பையும் அவளையும் பார்த்தார்.

"எங்க அண்ணன் வரலன்னதும் அவ்வளவு சந்தோஷமா?"

அவர் மறுக்கவில்லை. "தப்புதான்."

"எனக்கும்தான் நிம்மதியா இருந்துச்சு" என்றாள்.

"அப்புறம் ஏன் அழுத?"

"கூடப் பொறந்தவராச்சே. அழாம எப்படிச் சொல்றது?"

அது அவருக்கு நியாயமாகப் பட்டது. "நானும் பாவம்னு சொன்னேனே" என்றார்.

"சொன்னீங்க. எந்த மூஞ்சியோட சொன்னீங்கன்னு மேனேஜர் சொன்னாரு."

மேனேஜர் தயங்கித் தயங்கி வந்து, அடுத்த விளம்பரத்துக்கு இருவரையும் சேர்த்து ஒரு படம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். பிறகு அவள் கோழி வறுவலும் ரொட்டியும் சொன்னாள். வறுவல் நன்றாகவே இருந்தது. கடைசித் துண்டை அவர் அவள் பக்கம் தள்ளினார். அவள் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொண்டாள்.